சிவம் அண்ணைக்கு ஒரு குகைச் சத்தம்

வெளியூர் போகிறவர்களிடம் மற்றவர்கள் வாசனைப் போத்தல் கேட்பார்கள், சொக்லேட் கேட்பார்கள். சிவம் அண்ணை சத்தம் கேட்பார். சீனி வருத்தம் அவருடைய கண் பார்வையைக் கொண்டுபோன பிறகு வந்த பழக்கம் இது. பாரிசுக்குக் கலியாணத்துக்குப் போனவர்கள் அங்கே ரயில் கதவு மூடும் சத்தத்தைத் தொலைபேசியில் பதிந்துவந்து கொடுத்தார்கள். என் மனைவி யாழ்ப்பாணத்தில் ஒரு பஸ் நடத்துனர் ஊர்ப் பெயர்களைக் கூவுவதைக் கொண்டுவந்தாள். அண்ணை ஆறுதலாகக் கேட்டுவிட்டு, "பிள்ளை, மைக்கைக் கையால பொத்திப் பிடிச்சிருக்கிறியள்" என்றார். பாராட்டெல்லாம் அவரிடம் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது.

ஊரில் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர். மொன்றியலுக்கு வந்த பிறகு கிழமை நாட்களில் டவுன்டவுன் உணவகமொன்றின் சமையலறையில் நின்றார். சனி ஞாயிறுகளில் எங்கள் கலியாணங்களுக்கும் செத்தவீடுகளுக்கும் மைக் போட்டார். மற்றவர்களைப் போல "ஹலோ, ஹலோ" என்று கத்த மாட்டார். மைக்கின் தலையில் விரலால் இரண்டு தட்டு. டொம், டொம். அத்தோடு மண்டபம் அடங்கிவிடும்.

போன கோடையில் வானொலியில் யாரோ அமெரிக்கப் பக்கத்து சுப்பீரியர் ஏரியைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். கரையெல்லாம் சிவப்புக் கல் மலை, அதில் அலை குடைந்த குகைகள், உள்ளே தண்ணீர் போய் அடிக்கும் சத்தம். அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன சத்தம் எண்டு அந்த மடையன் வாயால சொல்லிக்கொண்டிருக்கிறான். ஒரு மைக்கைக் கொண்டு போயிருக்கலாம்தானே?" தானே போவதென்று தீர்மானித்து, தன் தம்பி பரமனுக்கும் எனக்கும் சேர்த்துப் பாய்க்கப்பலில் இடம் பிடிக்கச் சொன்னார். பிறகு சிறுநீரகமும் கைவிட, கிழமைக்கு மூன்று முறை ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டியதாயிற்று. அவர் வரவில்லை. எங்களைப் போகச் சொன்னார்.

புறப்படும் காலையில் மொன்றியலுக்குப் பக்கத்து லொங்குய்யில் தன் வீட்டு வாசலில் நின்று பரமனுக்குப் பாடம் நடத்தினார். "காத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிடி. ஒரு நிமிசத்துக்கு ஒருத்தரும் கதைக்கப்படாது. இவனையும் கதைக்க விடாதை." கடைசி வசனம் என்னைப் பற்றியது. அண்ணி என் கையில் ஒரு பை பருத்தித்துறை வடை, நாள் கணக்கில் கெடாத தட்டை வடை, தந்தார். "தம்பி, பரமனிட்டைக் குடுத்தால் ரெண்டு மணித்தியாலத்தில முடிச்சுப் போடுவான். நீங்கள் வைச்சிருங்கோ."

பரமனும் நானும் முப்பது வருடமாகச் சண்டை பிடித்துக்கொண்டிருக்கும் சிநேகிதர்கள். சண்டைக்குக் காரணம் தேவைப்படுவதில்லை. இந்தப் பயணத்தில் வடைப் பை கிடைத்தது.

எல்லையில் அமெரிக்க அதிகாரி எதற்காக வருகிறீர்கள் என்று கேட்டார். "ஒரு சத்தம் எடுக்க வாறம்" என்பதைப் பரமன் அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவைத்தான். சுற்றுலா என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போயிருக்கலாம். எங்களை ஓரமாக நிறுத்தினார்கள். வாகனத்தின் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். நான் சம்பலுக்குப் பிழியவென்று வைத்திருந்த தேசிக்காய்களை எடுத்துக் குப்பையில் போட்டார்கள். வடையை ஒருவர் முகர்ந்து பார்த்துவிட்டு, இது என்ன பிஸ்கட் என்று கேட்டார். பரமன் ஒன்றைச் சாப்பிட்டுக் காட்டினான். அந்த ஒன்றுக்காக நான் அவனோடு மதியம்வரை கதைக்கவில்லை.

பின்னேரம் ஒரு டயர் வெடித்தது. பெயர் தெரியாத ஊர், ஒரு பக்கம் சோளக்காடு, மறுபக்கமும் சோளக்காடு. பார வண்டிக்காரர் ஒருவர் நிறுத்தி இறங்கினார். ஒன்றும் கேட்காமல் ஜாக்கியை எடுத்துப் போட்டு டயரை மாற்றினார். எங்கள் ஆட்களென்றால் முதலில் எந்த ஊர், ஆற்ற பிள்ளை என்று விசாரித்திருப்பார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, கறுப்பு மேகம் வருகிறது, மெல்லப் போங்கள் என்று மட்டும் சொன்னார். வடை இரண்டு கொடுத்தேன். பரமன் என்னை முறைத்தான்.

ஒவ்வொரு நாளும் பொழுதுபடும் நேரத்தில் பரமன் வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பான். அண்ணி தூக்கி அண்ணையிடம் கொடுப்பார். "எங்கையடா நிக்கிறாய்? பின்னால ஏதோ மெஷின் ஓடுது. ஐஸ் பெட்டியோ?" மோட்டல் அறையின் மூலையில் ஒரு பழைய ஐஸ் பெட்டி உறுமிக்கொண்டிருந்ததை அதுவரை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை.

ஏரிக்கரையில் இறங்கியதும் நான் முதலில் செய்தது தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்ததுதான். கண்ணுக்குக் கடல். மறுகரை இல்லை, அலை இருக்கிறது, கப்பல் போகிறது. உப்பு இல்லை. கருவாட்டு மணமும் இல்லை. இவ்வளவு தண்ணீர் ஒரு மணமும் இல்லாமல் கிடப்பதை என்னால் நம்பமுடியவில்லை. விரல் விறைத்துவிட்டது. ஆவணி மாதத்திலும் அப்படியொரு குளிர்.

கப்பலின் கப்டன் கரோல் என்ற அறுபது வயது மதிக்கத்தக்க பெண். கணவர் பாயையும் அடுப்பையும் பார்ப்பவர். பயணிகள் நாங்கள் இருவர்தான். கரோல் எங்களுக்கு மிதவைச் சட்டைகளை மாட்டி, வாரை இழுத்துக் கட்டி, தீவுகளுக்கிடையே ஓடிப்போய் நங்கூரமிட்டு இரவு தங்குவோம் என்றார். பாய்க்கப்பல் குகைக்குள் போகாது. வெளியே அதைக் கணவர் பார்த்துக்கொள்ள, சின்னத் துடுப்புப் படகில் தான் எங்களை உள்ளே கூட்டிப் போவதாகவும் சொன்னார். முதல் நாள் ஒரு சின்னக் குகை. மறுநாள் காற்று இடம் கொடுத்தால் பெரியது. "காற்று மாட்டேன் என்றால் நானும் மாட்டேன். என்னோடு வாதாடிப் பிரயோசனம் இல்லை."

பாய் காற்றைப் பிடித்ததும் கப்பல் ஒரு பக்கம் சரிந்தது. என் வயிறு மறுபக்கம் சரிந்தது. கரோல் இஞ்சி பிஸ்கட் தந்தார். பரமனுக்கு வயிற்றுப் பிரட்டல் ஒன்றும் இல்லை. நேர்த்திக்கடனுக்கு வந்தவனைப் போலத் தொலைபேசியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தான். பதியும்போது யாராவது அழைத்துக் கெடுத்துவிடக் கூடாதென்று அதன் தொடர்பைத் துண்டித்து வைத்திருந்தான். வீட்டுக்கு என் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்திருந்தோம்.

சின்னக் குகை எங்கள் வீட்டுக் குளியலறை அளவுதான் இருக்கும். கரோல் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்தார். பரமன் பதிவை அழுத்தி, காற்றுக்கு முதுகு காட்டிப் பிடித்தான். தண்ணீர் கல்லின் அடியில் புகுந்து களக், களக் என்றது. வாய் கொப்பளிக்கிற மாதிரி. கூரையிலிருந்து ஒரு துளி நேரே என் பிடரியில் விழுந்து முதுகால் இறங்கியது. நான் என்ன செய்ய? "ஐயோ, எனக்குக் குளிருது. காணும் பரமன், வா போவம்" என்று சொல்லிவிட்டேன்.

பரமன் திரும்பின வேகத்தில் படகு ஆடியது. "உஷ்! வாயை மூடு! அண்ணை சொன்னவர், சொன்னவர் உன்னைப் பற்றி!" எல்லாம் பதிவாகியது. கரோலின் சிரிப்பும் சேர்ந்து பதிவாகியது. இன்னொரு தடவை எடுப்போம் என்றால் அலை கொஞ்சம் எழும்பிவிட்டது. கரோல் தலையை ஆட்டிவிட்டுப் படகை வெளியே எடுத்தார்.

அன்றிரவு தீவொன்றின் வளைவில் நங்கூரம். கரோலின் கணவர் ஏரி மீனைப் பொரித்தார். உப்பும் மிளகும் மட்டும். நான் பையிலிருந்து மிளகாய்த்தூளை எடுத்துத் தூவ, அவர் ஒரு வாய் வாங்கிச் சாப்பிட்டு, கண்ணீர் வழிய நன்றாயிருக்கிறது என்றார். பரமன் என்னை மன்னிக்கவில்லை. "நாளைக்குப் பெரிய குகையில வாயைத் திறந்தியெண்டால் தண்ணிக்குள்ள தள்ளிப்போட்டுத்தான் வருவன்." நான் அவனுக்கு வடை கொடுக்காமல் அவன் கண்ணுக்கு முன்னால் ஒன்றைக் கடித்தேன்.

மறுநாள் காலையில் ஏரி கண்ணாடி விரித்ததுபோல் கிடந்தது. போகலாம் என்றார் கரோல். தீவின் சின்ன இறங்குதுறை நுனியில் மட்டும் தொலைபேசி வேலை செய்யும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். பரமன் முகம் கழுவிக்கொண்டிருக்க, நான் நடக்கப் போகிறேன் என்று சொல்லி, கரோலின் கணவர் துடுப்புப் படகில் கரையில் விட, அந்த நுனிவரை போனேன். தொலைபேசிக்கு உயிர் வந்த கையோடு மணி அடித்தது. அண்ணி.

"தம்பி, இவர் போயிட்டார்." விடியப்புறம் நெஞ்சு வலி என்றாராம். ஆம்புலன்ஸ் வருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. நான் என்னென்னவோ சொன்னேன். அண்ணி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "பரமனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. தண்ணியில நிக்கிற பிள்ளை. அவ்வளவு தூரம் வாகனமும் ஓட வேணும். வீட்டை கூட்டிக்கொண்டு வாங்கோ. வந்து குளிச்சு, ஒரு வாய் சாப்பிட்டாப் பிறகு நான் சொல்லுறன்" என்றார். "இவர் தூக்கி வளர்த்த பிள்ளை. நான்தான் சொல்ல வேணும்."

எங்களில் இது வழக்கம். பயணத்தில் நிற்பவனுக்குச் சாவுச் செய்தி சொல்வதில்லை. வெறும் வயிற்றில் சொல்வதில்லை. அது சரியா பிழையா என்று நான் அதுவரை யோசித்ததில்லை. மற்றவர்கள் எனக்கு அப்படித்தான் செய்தார்கள், நானும் மற்றவர்களுக்கு அப்படித்தான் செய்தேன். ஆனால் அன்று, அண்ணைக்குச் சத்தம் எடுக்க வந்தவனிடம் அண்ணை இல்லை என்பதை மறைத்துக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். என்னால் முடியாது என்று அண்ணியிடம் சொல்ல வாயெடுத்தேன். "ஓம் அண்ணி" என்றுதான் வந்தது.

திரும்பி வந்தபோது பரமன் ஓட்ஸ் கஞ்சியைத் துழாவிக்கொண்டிருந்தான். வீட்டில் நடந்து முடிந்தது தெரியாமல் ஒருவன் கஞ்சிக்குச் சீனி தேடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு கொடுமை என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. சீனியை எடுத்து நானே போட்டேன். என் பங்கு முட்டையை அவன் தட்டில் வைத்தேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். "வெறும் கஞ்சி காணாது மச்சான், சாப்பிடு" என்று வடைப் பையை முழுதாக அவன் மடியில் வைத்தேன். அவன் பையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். ஒரு வடையை எடுத்து மெல்ல மென்றான்.

பெரிய குகை தூரத்தில் இருந்தே தெரிந்தது. சிவப்புப் பாறை, அடியில் வளைவு வளைவாகத் தூண்கள், நடுவில் ஒரு பெரிய கறுப்பு வாய். மேலே பாறை விளிம்பில் ஒரு மரம் வேரெல்லாம் வெளியே தெரிய நின்றது. கரோலின் கணவர் கப்பலைத் தள்ளி நிறுத்தினார். நாங்கள் துடுப்புப் படகில் இறங்கினோம். உள்ளே போகப் போக வெளிச்சம் பச்சையாகி, பிறகு மங்கிப் போயிற்று. தண்ணீரின் அசைவு கூரையில் ஓடியது.

முதல் நாளைப் போலவே கரோல் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்தார். உதட்டில் விரலை வைத்து என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். விளையாட்டுக்கு அல்ல; திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை.

சின்ன அலை ஒன்று எங்களைக் கடந்து இருட்டுக்குள் போனது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அடியில் எங்கோ, டொம். இடைவெளி விட்டு இன்னொன்று. டொம். பெரிய சத்தமல்ல. நெஞ்சாங்கூட்டுக்குள் கேட்கும் சத்தம். சிவம் அண்ணை மைக்கில் தட்டுவது அப்படியேதான் இருக்கும். என் கண் நிறைந்து வழிந்தது. இருட்டுக்கு நன்றி சொன்னேன்.

அப்போதுதான் கவனித்தேன். பரமனின் கையில் தொலைபேசி இல்லை. இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கரோல் மெல்லிய குரலில், ஆரம்பிக்கலாம், இப்போது நன்றாகக் கேட்கிறது என்றார். வேண்டாம், நன்றி என்று பரமன் ஆங்கிலத்தில் சொன்னான். இவ்வளவு தூரம் வந்தது இதற்காகத்தானே என்று கரோல் கேட்டார்.

எனக்கு விளங்கிவிட்டது. "பரமன்" என்றேன்.

"கேக்கிறதுக்கு ஆள் இல்லை, மச்சான்" என்றான். "நீ காலமையிலிருந்து என்னோட சண்டை பிடிக்கேல்லை. வடைப் பையைத் தூக்கி மடியில வைச்சாய். ஆர் செத்தது எண்டுதான் யோசிச்சன். உனக்குச் சொந்தம் எண்டால் எனக்குச் சொல்லியிருப்பாய்." கையை நீட்டி ஈரப் பாறையில் வைத்தான். இன்னொரு அலை உள்ளே போய் அடித்தது. "அண்ணிதானே எடுத்தவ?"

"ஓம்."

"சொல்லவேண்டாம் எண்டு சொன்னவவோ?"

"தான்தான் சொல்லவேணுமாம். நீ குளிச்சுச் சாப்பிட்டாப் பிறகு."

"சரி. அப்ப எனக்குத் தெரியாது." கை பாறையிலேயே இருந்தது. "அவவுக்கு இனி எனக்குச் செய்யிறதுக்கு உதொண்டுதான் இருக்கு. அதை நான் பறிக்கேலாது. நீயும் வாயைத் திறக்காதை."

கரோலுக்கு எங்கள் பாஷை தெரியாது. ஆனாலும் அவர் துடுப்பைப் போடவில்லை. எவ்வளவு நேரம் இருந்தோம் என்று தெரியாது. பரமன் பாறையிலிருந்து கையை எடுத்த பிறகுதான் மெல்லப் படகைத் திருப்பினார். கரை இறங்கும்போது மிதவைச் சட்டையின் வாரைத் தானே அவிழ்த்துவிட்டு அவன் தோளில் ஒருமுறை தட்டினார்.

திரும்பும் வழியில் எனக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை. எந்தக் கடையில் சாப்பிட்டோம், என்ன சாப்பிட்டோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒருவர் தட்டில் ஒருவர் போட்டோம் என்பது ஞாபகம். வாகனத்தை மாறி மாறி அவன் ஓடினான், நான் ஓடினேன். பொழுதுபடும் நேரத்தில் ஒரு பெற்றோல் நிலையத்தில் நிறுத்தி, பரமன் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தான். எடுக்காவிட்டால் அண்ணி சந்தேகப்படுவார் என்றான். நான் பக்கத்தில் நின்றேன்.

"அண்ணி, அண்ணை என்ன செய்யிறார்?"

"நித்திரை தம்பி" என்று அண்ணி சொன்னது எனக்கே கேட்டது.

"எழுப்பாதேங்கோ. நான் வந்து கதைக்கிறன்." தொலைபேசியை வைத்துவிட்டு வாகனத்தின் மறுபக்கம் போய்க் குந்திவிட்டான். நான் டயரைப் பார்ப்பதுபோல் இந்தப் பக்கத்தில் நின்றேன்.

லொங்குய்ய் தெருவில் திரும்பும்போதே வீட்டு வாசலில் ஒரு வாகனமும் நிற்கவில்லை என்பதைக் கண்டேன். வருகிறவர்களையெல்லாம் அண்ணி அடுத்த தெருவில் நிறுத்தச் சொல்லியிருந்தாராம். வந்தவர்களை என் வீட்டுக்கு அனுப்பியும் விட்டார். வாசலில் அவர் மட்டும் நின்றார். "வந்திட்டியளோ? குளிச்சிட்டு வா தம்பி, சோறு ஆறப்போகுது." பரமன் குளித்தான். மேசையில் சோறு, பருப்பு, கத்தரிக்காய். அவன் பிசைந்து, ஒவ்வொரு வாயாக, தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டான். எப்படி இறங்கிற்றோ தெரியாது. அண்ணி அவன் கை கழுவித் துடைக்கும்வரை பார்த்திருந்து, தோளில் கையை வைத்து, "தம்பி, கொண்ணை எங்களை விட்டிட்டுப் போயிட்டார்" என்றார்.

பரமன் அப்போதுதான் அழுதான். நடிப்பு என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் பாவம். அவ்வளவு தூரம் பூட்டி வைத்துக்கொண்டு வந்ததை, அண்ணி திறந்துவிட்ட பிறகுதான் அவனால் அழ முடிந்தது. அண்ணி அவனைப் பிடித்துக்கொண்டார். நான் தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினேன்.

அண்ணையை எரிப்பதற்கு முன் சுடலை மண்டபத்தில் வைத்தார்கள். மைக் போட ஆள் வேண்டும் என்று யாரும் யோசிக்கவில்லை; எங்கள் செத்தவீடுகளுக்கெல்லாம் போட்டவர் பெட்டிக்குள் கிடந்தார். பரமன் அண்ணையின் பழைய ஸ்பீக்கர் பெட்டிகளை வீட்டிலிருந்து கொண்டுவந்து தானே வயர் இழுத்துப் பூட்டினான். தேவாரம் முடிந்து, வாய்க்கரிசி போட்டு முடிந்தது. அண்ணி அவனிடம், "தம்பி, அவர் கேட்ட சத்தம் கொண்டு வந்தனியோ?" என்று கேட்டார்.

"ஒண்டுதான் அண்ணி. அதுவும் சரியில்லை. ஆனால் அண்ணை இருக்கேக்கை எடுத்தது."

மைக்கை விரலால் இரண்டு தட்டினான். மண்டபம் அடங்கியது. தொலைபேசியை அதனருகில் பிடித்தான். சின்னக் குகையின் தண்ணீர் மண்டபம் முழுவதும் களக், களக் என்று ஓடியது. குழந்தைகள் நிமிர்ந்து பார்த்தன. மண்டபத்து ஊழியர் எரியூட்டும் அடுப்பின் பொத்தானுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார். பிள்ளைகள் இல்லாத அண்ணைக்குக் கொள்ளி வைக்கவேண்டியவன் பரமன். அந்தப் பொத்தானை அழுத்துவதுதான் இங்கே கொள்ளி. அவன் தண்ணீரைக் கேட்டபடி நின்றிருந்தான். யாருக்கும் அவனைக் கூப்பிட மனம் வரவில்லை.

அப்போது ஸ்பீக்கரிலிருந்து என் குரல் வந்தது.

"ஐயோ, எனக்குக் குளிருது. காணும் பரமன், வா போவம்."

யாரோ சிரித்துவிட்டார்கள். பார்த்தால் அண்ணி. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, அழுதுகொண்டே சிரித்தார். "கதைக்க விடாதை எண்டு இவர் சொன்னவரல்லோ" என்றார்.

பரமன் தொலைபேசியை நிறுத்திச் சட்டைப்பையில் வைத்தான். திரும்பி என்னைப் பார்த்தான். நான் எழுந்து போய் அவன் கையைப் பிடித்தேன். இருவருமாகப் பொத்தானடிக்கு நடந்தோம்.